'எதுக்கும் சேலம் போய்ப் பார்த்துருங்க': ஊர் டாக்டர் போடும் கணக்கும், அவர் இல்லாமல் போவதன் விலையும்

ஆத்தூர், எடப்பாடி, ஓமலூர் பக்கம் இருப்பவர்களுக்கு மருத்துவம் பற்றி வரும் செய்திகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன. ஒரு பக்கம் போலி மருத்துவர் கைது. இன்னொரு பக்கம் சேலத்தில் புதுப் பன்னோக்கு மருத்துவமனைத் திறப்பு விழா. நடுவில் வீடு தேடி வந்து மாத்திரை தரும் அரசுத் திட்டம். இதற்கிடையே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல வருஷமாக மூன்று தலைமுறையைப் பார்த்துவந்த எம்.பி.பி.எஸ். டாக்டர் வயதாகிக் கிளினிக்கை மூடுகிறார். அந்த நாற்காலிக்கு அடுத்த ஆள் வருவதில்லை. "அதான் சேலத்துல எல்லா ஸ்பெஷலிஸ்ட்டும் இருக்காங்களே, ஊர் டாக்டர் எதுக்குங்க?" என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது.

ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாமல் போனவர்தான் ஊர் டாக்டர் என்ற நினைப்பில் குழப்பம் தொடங்குகிறது. அவரிடம் வரும் கூட்டம் வேறு, அதனால் அவர் போடும் கணக்கும் வேறு. அந்தக் கணக்கு பிடிபட்டால், சில சமயம் எந்த டெஸ்ட்டும் எழுதாமல் வீட்டுக்கு அனுப்புகிறவர், சில சமயம் நாடி பார்த்த கையோடு "சேலம் கிளம்புங்க" என்பது ஏன் என்று விளங்கும்.

## யார் குடும்ப மருத்துவர்

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சியும். சிறு ஊர்களில் கிளினிக் வைத்திருக்கும் பலர் இந்தப் பட்டத்தோடு, அனுபவத்தைப் பாடமாக வைத்து வளர்ந்தவர்கள். குடும்ப மருத்துவத்துக்கென்றே டி.என்.பி., எம்.டி. என மூன்றாண்டு மேற்படிப்புகள் நம் நாட்டில் உண்டு. ஏற்கெனவே தொழில் செய்துவரும் டாக்டர்களுக்கு வேலூர் சி.எம்.சி. தனிப் படிப்பு நடத்துகிறது. ஆனால் இப்படி ஒரு துறை இருப்பதே பொதுமக்களில் பலருக்குத் தெரியாது.

முதல்நிலை மருத்துவத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் அதற்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்:

1. உடம்புக்கு எது வந்தாலும் முதலில் போகும் இடம் அதுவாக இருக்க வேண்டும்.
2. அதே மருத்துவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும்.
3. குழந்தையின் சளி முதல் பாட்டியின் மூட்டுவலி வரை பெரும்பாலானவை அங்கேயே முடிய வேண்டும்.
4. வெளியே அனுப்பினாலும் யார் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவருடையதாக இருக்க வேண்டும்.

நான்கில் மூன்றாவதை மட்டுமே நாம் கவனிக்கிறோம். இரண்டாவதும் நான்காவதும் கண்ணுக்குத் தெரியாத வேலை. இழப்பு பெரிதாக விழுவதும் அங்கேதான்.

## ஆயிரம் பேரில் எத்தனை பேர்

1961இல் கெர் ஒயிட் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து ஓர் எளிய கணக்கு போட்டார்கள். வயது வந்தவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடல் தொந்தரவு வருகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழகப் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்பவர் ஒரே ஒருவர். 2001இல் அமெரிக்காவில் மறுபடியும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை.

நம் ஊர் எண்கள் வேறாக இருக்கலாம், வடிவம் இதுதான். மருத்துவ மாணவர்கள் படிப்பது அந்த ஒருவர் வந்து சேரும் இடத்தில். சேலத்தில் 1986இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும் அப்படி ஓர் இடம். சலித்து எடுக்கப்பட்ட நோயாளிகள்தான் அங்கே வார்டில் படுத்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சியோடு ஆத்தூரில் கிளினிக் திறப்பவர், சலிக்கப்படாத 250 பேரை எதிர்கொள்கிறார். முதல் சில ஆண்டுகள் அவருக்குக் கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

## ஒரே டெஸ்ட், இரண்டு அர்த்தம்

"எதுக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்துருங்க டாக்டர்" என்பது பாதுகாப்பான யோசனை போலத் தோன்றும். எண்களைப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை.

ஒரு நோய்க்கான டெஸ்ட் 90 சதவீதம் துல்லியமானது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நோய் இருக்கும் 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 90 பேருக்கு இல்லை என்று சரியாகச் சொல்லும்.

1. ஊர் கிளினிக்: அங்கே வரும் 1000 பேரில் 20 பேருக்குத்தான் அந்த நோய். டெஸ்ட் அவர்களில் 18 பேரைப் பிடிக்கிறது. நோய் இல்லாத 980 பேரில் பத்து சதவீதம், அதாவது 98 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று தவறாக வருகிறது. மொத்தம் 116 பாசிட்டிவ், உண்மை 18 மட்டுமே.
2. பெரிய மருத்துவமனை: சலித்து அனுப்பப்பட்ட 1000 பேரில் 500 பேருக்கு நோய் இருக்கிறது. 450 பேருக்குச் சரியாக வரும், 50 பேருக்குத் தவறாக வரும். பத்துப் பாசிட்டிவில் ஒன்பது உண்மை.

லேபும் மாறவில்லை, டெஸ்ட்டும் மாறவில்லை. கதவைத் திறந்து வந்த ஆள் மாறியதால் முடிவின் அர்த்தம் மாறிவிட்டது. டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் டெஸ்ட் இதற்குச் சரியான உதாரணம். டைபாய்டு பரவலாக இருந்த பகுதிகளில் பழைய தொற்றின் தடயத்தாலும் வேறு காய்ச்சல்களாலும் அது பாசிட்டிவ் காட்டும். ஒரேயொரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது என்பது மருத்துவத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். இருந்தும் அந்தத் தாளை வைத்து எத்தனையோ வைரஸ் காய்ச்சல்களுக்கு ஆன்டிபயாடிக் ஏறுகிறது.

ஆக, டாக்டர் விசாரிப்பதும், தொட்டுப் பார்ப்பதும், நாக்கை நீட்டச் சொல்வதும் சடங்கு இல்லை. டெஸ்ட்டுக்கு முன்பே ஆளைச் சலிக்கும் வேலை அது. அதைச் செய்த பிறகு எழுதும் டெஸ்ட்டுக்குத்தான் மதிப்பு.

## காய்ச்சலில் நாள் கணக்கு

ஊர் டாக்டரிடம் இருக்கும் இன்னொரு கருவி, காத்திருந்து பார்ப்பது. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றால் தட்டிக்கழிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். டெங்குவை வைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும்.

டெங்குவில் முதல் ஐந்து நாள், வைரஸின் புரதத்தையே தேடும் என்.எஸ்.1 டெஸ்ட் உதவும். உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில்தான் தெரியத் தொடங்கும். தவறான நாளில் தவறான டெஸ்ட் எடுத்தால் 'நெகட்டிவ்' என்ற தாள் பொய் நிம்மதியைத் தரும். இதைவிட முக்கியமானது, ஆபத்தான கட்டம் வருவது காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து கசிவது அந்த நேரத்தில். "காய்ச்சல் விட்டுருச்சு" என்று வீட்டார் மூச்சு விடும் வேளையில்தான் டாக்டர் மறுபடி பார்க்க விரும்புகிறார். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், குழந்தை துவண்டுபோவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. எல்லோரும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே கேட்கிறார்கள். அது குறையும்போது இரத்தம் கெட்டிப்பட்டதைக் காட்டும் ஹிமட்டோகிரிட் ஏறுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நீர்க்கசிவு பிடிபடும்.

மலையடிவார ஊர்களில் இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும்: ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் இருக்கும் சிறு உண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்குக் கீழ் என்று மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர், அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர் என்று தெரிந்த டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடுவார். தெரியாதவர் டெஸ்ட் பட்டியல் எழுதுவார்.

## ஆளைத் தெரிந்திருப்பதன் பலன்

சேலம் மாவட்டத்துக்கென்றே சில கேள்விகள் இருக்கின்றன. தாரமங்கலம், எடப்பாடி, ஜலகண்டாபுரம் பக்கத்துக்காரருக்குக் காது மந்தம் என்றால், தறிக்கூடத்தில் எத்தனை வருஷம் என்பது முதல் கேள்வி. விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். விடாத இருமல் என்றால் பஞ்சுத் தூசியா, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்புப் புகையா என்று கேட்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியைப் போலவே சேலம் மாவட்டத்துக் கிணறுகள் சிலவற்றிலும் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. பல்லில் பழுப்புக் கறையும் இடுப்பு விறைப்பும் சேர்ந்து வந்தால் "குடிக்கிறது போர் தண்ணியா, காவிரித் தண்ணியா?" என்ற ஒரு கேள்வி, ஸ்கேன் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இது பழங்கால ஏக்கம் என்று சொல்பவர்களுக்கு எண்ணிக்கையும் இருக்கிறது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட உறவு இருந்தவர்களுக்கு அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும் இறப்பு வாய்ப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தன. ஆள் மாறாததாலேயே இந்தப் பலன் என்று இந்த ஆய்வு மட்டும் நிரூபித்துவிடாது. ஆனால் பல நாட்டு ஆய்வுகள் அதே திசையைக் காட்டுகின்றன.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமான கிளின்காரக்கில் குடும்ப மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், எந்தக் காரணத்துக்காக யார் வந்தாலும் இரத்த அழுத்தம் பார்க்கும் பழக்கத்தை 1960களின் இறுதியில் தொடங்கினார். அறிகுறி இல்லாமல் இருப்பவரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இன்றும் இல்லை. மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவர்தான்.

தமிழ்நாட்டின் நிலையைப் பாருங்கள். 2020இல் மாநில அளவில் நடந்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பு ஆய்வில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த ஓட்டையைத்தான் அடைக்க முயல்கிறது. மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய உதவி. ஆனால் மாத்திரை சாப்பிட்டும் கால் ஏன் வீங்குகிறது, அளவை எப்போது மாற்ற வேண்டும் என்று பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும்.

## ஊசிக்குக் காசு, யோசனைக்குக் காசில்லை

இவ்வளவு பயனுள்ளவர் ஏன் குறைந்துபோகிறார்? பணம் வரும் வழியைப் பார்த்தால் புரியும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அது அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளி சிகிச்சைக்கும். சாதாரண வெளிநோயாளி ஆலோசனைக்கு அதில் இடமில்லை. அதாவது, மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைக்கக் காப்பீடு உண்டு, மாரடைப்பு வராமல் பத்து வருஷம் கொதிப்பைக் கட்டுக்குள் வைக்கும் டாக்டருக்கு நோயாளியின் சட்டைப்பையைத் தவிர வேறு வழியில்லை.

சட்டைப்பையிலிருந்து கொடுக்கிறவர் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். "ஊசி போடலையா?" என்று கேட்பது இதனால்தான். பதினைந்து நிமிடம் பேசி, "இது வைரஸ், கஞ்சி குடிங்க, பாராசிட்டமால் போதும்" என்று அனுப்பும் டாக்டருக்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. இரண்டு நிமிடத்தில் ஊசி போட்டால் கொடுத்துவிடுகிறோம். டாக்டரும் மனிதர்தான், வாடகையும் நர்ஸ் சம்பளமும் அவர் மேல் இருக்கிறது. நல்ல மருத்துவத்தை நாமே தண்டிக்கும் ஏற்பாடு இது.

இதன் தீங்கு சிறியதல்ல. காய்ச்சலுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி ஊசி, அது டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவை அதிகமாக்கும். 'குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்டு வாங்கும் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, நூறு கலோரிக்கு மேல் இல்லை. இரண்டு மூன்று இட்லியில் அது கிடைத்துவிடும். வாயால் குடிக்க முடிகிற ஆளுக்கு அந்தப் பாட்டிலால் பயனில்லை.

இன்னொரு அழுத்தம் சட்டத்திலிருந்து வருகிறது. 1995இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நோயாளிக்கு அது தேவையான பாதுகாப்பு. அதே சமயம் தனி ஆளாக உட்கார்ந்திருக்கும் டாக்டர், தான் சமாளிக்கக்கூடியதையும் "எதுக்கும்" சேலத்துக்கு அனுப்பத் தொடங்கினார்.

## சட்டம் சொல்வது, சுருக்கமாக

1. நவீன மருத்துவம் பார்ப்பவர் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.
2. டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம். கடை போலத் திறந்து விற்கக்கூடாது. கிளினிக்கில் பொட்டலம் மடித்துத் தருவது சட்டவிரோதம் என்ற எண்ணம் தவறு.
3. வீரியமான பல ஆன்டிபயாடிக்குகள் 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. அவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, மருந்துக்கடை பதிவேட்டில் எழுத வேண்டும்.
4. காசநோயைக் கண்டறிந்தால் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2012 முதல் இது கட்டாயம்.
5. கிளினிக்குகள் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற வேண்டும்.

## தாமதிக்கக் கூடாத நேரம்

மேலே சொன்ன பொறுமை எதற்குப் பொருந்தாது என்று தெரிந்திருப்பதும் ஊர் டாக்டரின் திறமையே. மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி மூன்றிலும் மணிக்கணக்கு முக்கியம். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். உள்ளே தள்ளி இருக்கும் மலைக் கிராமம் என்றால் ஏற்காடு வருவதற்கே தனி நேரம். ஆத்தூரிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர்.

இங்கே ஊர் டாக்டர் செய்யக்கூடியது: மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினும் மற்ற முதல் மாத்திரைகளும் கொடுத்து, கொடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதி, 108ஐ அழைத்து அனுப்புவது. 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் இதையே அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்கிறது. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைதான் இடம். கட்டுப்போடுவது, கீறுவது, வேர் கட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். இந்த மூன்றில் "சேலம் கிளம்புங்க" என்பதுதான் சரியான சிகிச்சை.

## அவர் போனபின் என்ன நடக்கிறது

ஊர் டாக்டர் இல்லாத ஊரில் நோய் குறைவதில்லை, போகும் வாசல்தான் மாறுகிறது. சிலர் மருந்துக்கடையில் சொல்லி வாங்குகிறார்கள். சிலர் பட்டமில்லாதவரிடம் போகிறார்கள். போலி மருத்துவர்கள் முளைப்பது மக்களின் அறியாமையால் மட்டும் அல்ல, காலியாகக் கிடக்கும் நாற்காலியாலும்தான். மற்றவர்கள் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, எந்த ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்ப்பது என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். நெஞ்செரிச்சல்காரர் இதய மருத்துவரிடமும், தைராய்டு கோளாறுக்காரர் முடி உதிர்கிறதென்று தோல் மருத்துவரிடமும் போய் நிற்கிறார்கள். சலிக்கப்படாத கூட்டம் சலித்த கூட்டத்துக்கான இடத்துக்குப் போகும்போது, மேலே பார்த்த 116 பாசிட்டிவ் கணக்கு அங்கேயும் தொடங்கிவிடுகிறது.

மூடிய கிளினிக்கோடு நினைவும் போகிறது. உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. கிளினிக் சீட்டு அந்த விதியில் வராது. யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, எந்த வீட்டில் இளவயது மாரடைப்பு என்பதெல்லாம் டாக்டரின் தலையிலும் நோயாளியின் மஞ்சப்பையிலும்தான். ஓய்வு பெறுவதற்கு முன் நாள்பட்ட நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வந்தால், அடுத்து வருபவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வெளிநோயாளி ஆலோசனைக்கும் காப்பீட்டில் ஒரு பங்கு, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் குடும்ப மருத்துவ மேற்படிப்பு இடங்கள்: இவை இரண்டும் அரசு செய்ய வேண்டியவை.

நோயாளி செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேலத்தில் சேர்ந்து வீடு திரும்பியவர், டிஸ்சார்ஜ் சம்மரியையும் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் ஊர் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரத்தக் கொதிப்புக்கான பழைய அம்லோடிபின் மாத்திரை ஒரு கம்பெனிப் பெயரிலும், மருத்துவமனை எழுதிய அதே அம்லோடிபின் வேறு பெயரிலும் பையில் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒன்றை நிறுத்தச் சொல்பவர் அந்த ஊர் டாக்டர்தான்.